வலப்பக்கச் சாக்கடை

கோவிந்தராஜ் ஒரே மாதத்தில் இரண்டு தடவை சைக்கிளோடு சாக்கடையில் விழுந்தார். அறுபத்தொரு வயதில் ஒருவர் ஒரு தடவை விழுந்தால் ஐயோ பாவம் என்பார்கள். இரண்டாவது தடவை விழுந்தால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். மூன்றாவது தடவை விழுந்தால் சைக்கிளைப் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிடுவேன் என்று அவர் மனைவி சரசு சொல்லிவிட்டாள். சரசு சொன்னால் சொன்னதுதான். பரமக்குடிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி அந்தமானுக்கு வந்த முப்பத்தாறு வருஷத்தில் அவள் திரும்ப வாங்கிக்கொண்ட வார்த்தை ஒன்றுகூட இல்லை.

விழுந்த இடம் ஹேவ்லாக் தீவில், மார்க்கெட்டுக்கும் ஐந்தாம் நம்பர் கிராமத்துக்கும் நடுவே, ஒரு சின்னப் பாலத்தை ஒட்டிய வளைவு. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் பாக்குத்தோப்பு. ரோடு சமமானது, குண்டு குழி கிடையாது. இதில் விழுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் அங்கே சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு வந்து நின்று பார்க்க வேண்டும். மேன்லேண்டில் ஆபீஸ் விட்டு டீ குடிக்கிற நேரத்துக்கு இந்தத் தீவில் கும்மிருட்டு. கடிகாரம் டில்லி சொல்படி நடக்கிறது, சூரியன் யார் சொல்லையும் கேட்பதில்லை.

கோவிந்தராஜ் போர்ட் பிளேரில் ஷாதிபூரில் பிறந்தவர். தீவுகளுக்கு இடையே ஓடும் கப்பலில் முப்பத்திரண்டு வருஷம் சுக்கானியாக இருந்தார். கேப்டன் சொல்லச் சொல்லச் சக்கரத்தைப் பிடித்துக் கப்பலைத் திருப்புகிற ஆள். அந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. கேப்டன் ‘இடது பத்து’ என்றால், சுக்கானியும் ‘இடது பத்து’ என்று வாய்விட்டுத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் சக்கரத்தைத் திருப்ப வேண்டும். சொன்னது காதில் சரியாக விழுந்தது என்பதற்கு அதுதான் அத்தாட்சி. ரிட்டயர் ஆன பிறகும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. “என்னங்க, அரைக் கிலோ வெங்காயம், கொஞ்சம் கறிவேப்பிலை” என்று சரசு அடுப்படியிலிருந்து சொன்னால், “அரைக் கிலோ வெங்காயம், கொஞ்சம் கறிவேப்பிலை” என்று வாசலிலிருந்து பதில் வரும். புதிதாக வீட்டுக்கு வருகிறவர்கள் மனுஷன் பெண்டாட்டியைக் கேலி செய்கிறார் என்று நினைப்பார்கள். கேலியெல்லாம் இல்லை, அவ்வளவு தைரியம் அவருக்குக் கிடையாது.

ரிட்டயர் ஆனதும் மகன் பிரேம் வேலை பார்க்கும் ஹேவ்லாக்குக்கே இருவரும் குடிவந்துவிட்டார்கள். பிரேமுக்கு ஒரு டைவிங் கம்பெனியில் வேலை. டூரிஸ்டுகளைக் கடலுக்கு அடியில் கூட்டிப்போய் மீன் காட்டிவிட்டு உயிரோடு மேலே கொண்டுவந்து விடுவது. மகன் கடலுக்கு அடியில், அப்பா கரைக்கு மேலே, இருவரையும் கட்டி மேய்ப்பது தன் தலையெழுத்து என்று சரசு அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொள்வாள்.

தினமும் மூன்றரை மணிக்கு கோவிந்தராஜ் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஜெட்டிக்குக் கிளம்புவார். சாயங்காலக் கப்பல் வந்து அணைவதைப் பார்க்க வேண்டும். பார்ப்பது மட்டும் இல்லை, மார்க் போட வேண்டும். கப்பல் ஜெட்டியை நெருங்கும்போது, “இன்னும் ரெண்டு டிகிரி... அரே, இன்னும் கொஞ்சம்... பஸ், பஸ், போதும்!” என்று கரையில் நின்று கையால் காற்றைத் திருப்புவார். சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஆளுக்கு அது கேட்காது என்பது அவருக்குத் தெரியும். கப்பல் டயர் வரிசையில் மெத்தென்று உரசி நின்றதும், ஏதோ தானே கொண்டுவந்து நிறுத்திய மாதிரி ஒரு பெருமூச்சு. அப்புறம் வங்காளி தாதா கடையில் ஒரு டீ. அப்புறம் இருட்டில் வீடு.

இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, சரசுவிடம்கூட. சக்கரம் கையை விட்டுப் போன முதல் மாதம் அவருக்குக் கை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. சாப்பிடும்போது தட்டின் இரண்டு விளிம்பையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சைக்கிள் வாங்கிய பிறகுதான் கைக்கு ஒரு நிம்மதி வந்தது. அந்த சைக்கிள் போனால் கப்பலும் போச்சு, கையும் போச்சு. இதைத்தான் சரசு பழைய இரும்புக்கடைக்கு அனுப்புவேன் என்கிறாள்.

முதல் தடவை விழுந்தபோது அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை என்பது அவருடைய கட்சி. அப்போது அவர் சைக்கிளில் இருந்தது, மிதித்தால் மின்மினி அளவு எரியும் பழைய டைனமோ லைட். பாலத்து வளைவில் எதிரே ஒரு வெளிச்சம் வந்தது. சைக்கிள் லைட்தான், சக்கரம் சுழலும் சத்தத்திலேயே தெரிந்தது. ஆனால் சைக்கிளுக்கு அடுக்கிற வெளிச்சமா அது? முகத்தில் யாரோ சுண்ணாம்பை வாரி அடித்த மாதிரி இருந்தது. ரோடு போச்சு, மரம் போச்சு, சொந்தக் கைகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. அடுத்த நிமிஷம் சேற்றில் உட்கார்ந்திருந்தார். அந்த வெளிச்சம் நிற்காமல் ஜெட்டிப் பக்கம் போயேவிட்டது.

“முப்பத்திரண்டு வருஷம் இருட்டுல வேலை பார்த்தவன் நான்” என்று வீட்டில் வந்து குதித்தார். “கப்பல் ஓட்டுற ரூம்ல ராத்திரி ஒரு தீக்குச்சி கிழிச்சாக்கூட கேப்டன் கன்னாபின்னான்னு திட்டுவார். கண்ணு இருட்டுக்குப் பழகியிருக்கணும், தெரியுதா? இவனுக்கு சைக்கிள்ல சர்ச்லைட்டு கேக்குதாம்!”

அடுத்த வாரம் முழுக்க அந்த வெளிச்சம் அதே நேரத்துக்கு அதே வளைவில் வந்தது. அதற்கு ஒத்தைக்கண்ணன் என்று பெயர் வைத்தார். சில நாள் கண்ணை இடுக்கிக்கொண்டு எப்படியோ தாண்டிவிடுவார், சில நாள் இறங்கி நின்றுவிடுவார். இறங்கி நிற்பதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. முந்நூறு பேரை ஏற்றிக்கொண்டு போன கப்பலைத் திருப்பியவன், ஒரு சைக்கிளுக்கு வழிவிட்டு நிற்பதா?

இருட்டின் பெருமையை அத்தனை நீளம் பேசிய மனுஷன் அடுத்து என்ன செய்தார் தெரியுமா? மகனிடம் போய் டார்ச் கேட்டார்.

பிரேமின் கம்பெனியில், வாஷர் தேய்ந்து ஆழத் தண்ணீருக்கு ஆகாது என்று ஒதுக்கிவைத்த டைவிங் டார்ச் ஒன்று இருந்தது. பிரேம் அதைக் கொடுக்கத் தயங்கினான்.

“அப்பா, இது முப்பது மீட்டர் ஆழத்துல அடிக்கிற லைட்டுப்பா. ரோட்ல அடிச்சா எதிர்ல வர்றவங்க பாவம்.”

“பாவமா? அவன் எனக்குப் பாவம் பாத்தானாடா?”

பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி, டார்ச்சை ஹேண்டில்பாரில் இறுக்கிக் கட்டினார். தரையைப் பார்த்துக் கட்டலாம். கட்டினால் எதிரியின் முகத்தில் எப்படி அடிப்பது? ஆகவே மூக்கு மட்டத்துக்கு நிமிர்த்தியே கட்டினார். முதல் நாளே பலன் தெரிந்தது. தாதா கடை பெஞ்சில் இருந்த இரண்டு பேர் டீயை மடியில் கொட்டிக்கொண்டார்கள். ரோட்டின் நடுவே படுத்திருந்த மாடு, அந்தத் தீவின் வரலாற்றிலேயே முதல் தடவையாக, தானாக எழுந்து வழிவிட்டது. ஒரு ஜீப் டிரைவர் வண்டியை ஓரம்கட்டி, பெரிய லாரி வருகிறது என்று நினைத்துக் காத்திருந்தார். லாரிக்குப் பதிலாகக் கைலியும் பனியனுமாக ஒரு கிழவர் சைக்கிளில் கடந்து போவதைப் பார்த்து அவர் வண்டியை எடுக்கவே மறந்துபோனார். கோவிந்தராஜுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

பாலத்து வளைவில் ஒத்தைக்கண்ணன் வந்தான். இவர் அவன் முகத்தில் அடிக்க, அவன் இவர் முகத்தில் அடிக்க, வளைவு பட்டப்பகல் ஆயிற்று. ஆனால் பட்டப்பகலில் எதுவுமே தெரியவில்லை. கோவிந்தராஜ் மறுபடியும் சேற்றில் இருந்தார். ஆனால் இந்தத் தடவை ரோட்டின் அந்தப் பக்கத்திலிருந்தும் தொப்பென்று ஒரு சத்தம் கேட்டது. சேற்றில் உட்கார்ந்தபடியே அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

“அபே அந்தே! லைட் நீச்சே கர்!” என்று எதிர்ச் சாக்கடையிலிருந்து ஒரு குரல். குருடா, லைட்டைக் கீழே இறக்கு என்றது அது.

“தூ கர் பெஹலே!” என்று இவர். நீ முதலில் இறக்கு.

முகம் தெரியாதவரோடு சண்டை போட அந்தத் தீவில் இந்திதான் சௌகரியம். எதிராளி வங்காளியோ தெலுங்கரோ மலையாளியோ, வசவு வீணாகாமல் போய்ச் சேரும். இரண்டு சாக்கடைக்கும் நடுவே ரோடு காலியாகக் கிடக்க, இருவரும் நாலைந்து நிமிஷம் நன்றாகத் திட்டிக்கொண்டார்கள். பிறகு ரோஷத்தோடு அவரவர் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு அவரவர் திசையில் போனார்கள். யாரும் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தாலும் தெரிந்திருக்காது, இருவர் கண்ணிலும் பச்சையும் ஊதாவுமாக வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

அன்றுதான் சரசு அந்தத் தீர்ப்பைச் சொன்னாள். சொல்லிவிட்டு, அவர் கழற்றிப்போட்ட கைலியைக் கையில் எடுத்து விளக்கடியில் பிடித்துப் பார்த்தாள்.

“இது தோப்புப் பக்கத்துக் கருஞ்சேறு. கடல் பக்கம் விழுந்திருந்தா மணல்தான் ஒட்டியிருக்கும்.”

“சாக்கடையில விழுந்தவன எந்தச் சாக்கடைன்னு கேக்குற ஒரே பொம்பளை நீதான்” என்றார் கோவிந்தராஜ்.

“போன தடவையும் இதே கருஞ்சேறுதான், நான்தானே தொவைச்சேன். ஜெட்டியில இருந்து வீட்டுக்கு வர்றப்ப கடல் உங்களுக்கு இடது கைப்பக்கம். நீங்க இடது ஓரமா வர்றவரு. வந்தவரு ரோட்டைத் தாண்டிப் போய் வலது பக்கச் சாக்கடையில எப்படிங்க விழுந்தீங்க? ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை?”

லைட், கண் கூச்சம், ஒத்தைக்கண்ணன் என்று கோவிந்தராஜ் ஏதோ முணுமுணுத்தார். சரசு விடவில்லை. குரலை இறக்கிக்கொண்டு சொன்னாள். “மணி அஞ்சே முக்கா ஆனா வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துக்கிட்டே இருக்கேன். நீங்க மணியடிச்சுக்கிட்டு வாசல்ல வந்து நிக்கிற வரைக்கும் ஒரு வேலை ஓட மாட்டேங்குது. ஜீப்பு ஏதாச்சும் வந்திருந்தா? அதான் சைக்கிள் வேண்டாங்குறேன். எனக்கென்ன உங்க சைக்கிள் மேல பகையா?”

மறுநாள் மத்தியானம் பிரேம் சாப்பிட வந்தபோது, கோவிந்தராஜ் அவனை ஒரு பரிசோதனைக்குக் கூப்பிட்டார். ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து, பெரிய சோற்றுத் தட்டை இரண்டு கையாலும் ஹேண்டில்பார் மாதிரிப் பிடித்துக்கொண்டார். “நான் சொல்லாதப்ப, திடீர்னு டார்ச்சை மூஞ்சிக்கு நேரா அடி.”

பிரேம் அடித்தான். தட்டு சட்டென்று வலது பக்கம் திரும்பியது.

“அப்பா, ரைட்ல போறீங்க.”

“இல்லையே. இன்னொரு தடவை.”

மறுபடியும் வலது. மூன்றாவது தடவை இடது இடது என்று மனசுக்குள் ஜபித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். வெளிச்சம் விழுந்ததும் கை தன்பாட்டுக்கு வலது பக்கம் போனது. தட்டைக் கீழே வைத்துவிட்டு, வேறு யாருடையதையோ பார்ப்பது போலத் தன் கைகளையே பார்த்தார்.

“அட ராமா. இது கடல் வழக்கம்டா.”

கடலில் ரோடு கிடையாது, ஆனால் ரோட்டு விதி உண்டு. இரண்டு கப்பல் நேருக்கு நேர் வந்தால் இரண்டுமே வலது பக்கம் ஒதுங்க வேண்டும். முப்பத்திரண்டு வருஷம் எதிரே வெளிச்சம் தெரிந்தபோதெல்லாம் அவர் சக்கரத்தை வலது பக்கம் திருப்பியிருக்கிறார், முந்நூறு பேரும் பத்திரமாகக் கரை சேர்ந்திருக்கிறார்கள். அந்தக் கைக்குத் தரைக்கு வந்துவிட்டோம் என்று யாரும் சொல்லவில்லை. கண் திறந்திருக்கும்வரை கண் சொல்வதைக் கேட்கும், கண் கூசினால் கை கப்பலுக்குப் போய்விடும்.

சரசு கதவுநிலையில் சாய்ந்து இத்தனையையும் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பை அடக்கியதில் தோள் குலுங்கியது. பிறகு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சொன்னாள். “சரி. இனிமே எந்த லைட்டு வந்தாலும், எவன் வந்தாலும், இடது.”

“எந்த லைட்டு வந்தாலும், எவன் வந்தாலும், இடது” என்றார் கோவிந்தராஜ்.

அன்று சாயங்காலம் அவர் மனம் லேசாக இருந்தது. கப்பலுக்கு நூற்றுக்குத் தொண்ணூறு மார்க் போட்டார். டீக்குப் பிறகு, உத்தரவை முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குக் கிளம்பினார். பாலத்து வளைவில், சொல்லிவைத்த மாதிரி, ஒத்தைக்கண்ணன் வந்தான். இரண்டு வெளிச்சமும் முட்டிக்கொண்டன. கை வலது பக்கம் இழுத்தது. கோவிந்தராஜ் பல்லைக் கடித்தார். “இடது!” என்று வாய்விட்டுக் கத்தி, ஹேண்டில்பாரை இடது ஓரத்திலேயே அழுத்திப் பிடித்தார். முதல் தடவையாகக் கை அவர் சொன்னதைக் கேட்டது.

டமார்.

ஒரு சைக்கிளின் முன்சக்கரம் இன்னொரு சைக்கிளின் முன்சக்கரத்துக்குள் புகுந்தது. இரண்டு சைக்கிளும் இரண்டு ஆளும் சேர்ந்து கடல் பக்கச் சாக்கடையில் போய் விழுந்தார்கள்.

“ஐயோ, என் இடுப்பு போச்சே!” என்று பக்கத்தில் ஒரு குரல் தமிழில் அலறியது. திட்டுவதற்கு இந்தி போதும், இடுப்பு போனால் பெற்ற பாஷைதான் வரும்.

“தமிழா நீ?” என்றார் கோவிந்தராஜ்.

“தமிழ்தான்! யோவ், இத்தனை நாளா ஒழுங்கா வலது பக்கம்தானய்யா ஒதுங்கிட்டு இருந்த? இன்னிக்கு என்ன கேடு வந்துச்சு, இடது பக்கம் போற? நேருக்கு நேர் வந்தா ரெண்டு பேரும் வலது பக்கம் ஒதுங்கணும்னு தெரியாது? எவன்யா உனக்கு...” என்று ஆரம்பித்த குரல் பாதியில் நின்றது.

சாக்கடையில் கணுக்காலளவு மழைத்தண்ணீர். அதற்குள் விழுந்துகிடந்த டைவிங் டார்ச் அணையாமல் எரிந்தது. சைக்கிளில் ஏறிய பிறகு இன்றைக்குத்தான் அதற்கு உருப்படியான இடம் கிடைத்தது. அது அடித்த பச்சை வெளிச்சத்தில் இருவரும் ஒருவரையொருவர் முதல் தடவையாகப் பார்த்துக்கொண்டார்கள். எதிரே உட்கார்ந்திருந்தவருக்கும் அறுபது வயது இருக்கும். காக்கிச் சட்டை, நரைத்த மீசை, மீசையில் மணல்.

“எந்தக் கப்பல்?” என்று கேட்டார் கோவிந்தராஜ்.

“வண்டி ஏத்துற பெர்ரி. போர்ட் பிளேர்ல, சாத்தம்ல இருந்து பேம்பூஃபிளாட். இருபத்தாறு வருஷம் செராங்கு, அத ஓட்டுனதே நான்தான்” என்றார் அவர். “பேரு இராமகிருஷ்ணன். மக வீடு அஞ்சாம் நம்பர் தாண்டிக் காலாபத்தர்ல. ஒரு மாசமா இங்க ரெண்டாம் நம்பர்ல ஒரு ரிசார்ட்டுல நைட் வாட்ச்மேன். பீச்சுல முதலை தெரியுதான்னு பாக்கக் குடுத்த டார்ச்சு இது. நீங்க?”

“சுக்கானி. முப்பத்திரண்டு வருஷம்.”

இராமகிருஷ்ணன் தோப்புப் பக்கம் கையைக் காட்டினார். “அப்போ நீங்களும் அந்தப் பக்கம்... அன்னிக்கு விழுந்தது வலது சாக்கடைதானா?”

“வலதுதான். நீங்க?”

“நானும் எனக்கு வலதுதான் அண்ணே. இந்தச் சாக்கடைதான்.” அவர் சாக்கடையைத் தெரிந்த இடம் மாதிரிச் சுற்றிப் பார்த்தார். “எம் மக, இன்னொரு தடவை விழுந்தா வேலைக்கே போக வேண்டாங்குறா.”

கடல் விதிப்படி இருவரும் ஒரு பிசகும் இல்லாமல் நடந்துகொண்டிருக்கிறார்கள். அதனால்தான் ஒரு மாதமாக ஒருவரோடு ஒருவர் மோதாமல், அழகாகப் பக்கம் மாறி, ஆளுக்கொரு சாக்கடையில் விழுந்தார்கள். தரை விதியை ஒருவர் முதல் தடவையாக மதித்த அன்று மோதிக்கொண்டார்கள். கோவிந்தராஜுக்கு முதலில் சிரிப்பு வந்தது, இராமகிருஷ்ணனுக்கும் வந்தது. சிரித்தால் இடுப்பு வலித்தது, வலித்ததில் இன்னும் சிரிப்பு வந்தது. பிறகு கோவிந்தராஜ் தன் சைக்கிளைப் பார்த்தார். முன்சக்கரம் அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

“இது மூணாவது தடவை” என்றார்.

இருவரும் சைக்கிள்களை உருட்டிக்கொண்டு ஐந்தாம் நம்பருக்கு நடந்தார்கள். சரசு வாசலிலேயே நின்றாள். மணி ஆறரை. அவள் முகத்தைப் பார்த்ததும் கோவிந்தராஜுக்குச் சொல்ல வேண்டியது எல்லாம் மறந்துபோனது. அவள் அவர் கைலியைப் பார்த்தாள். கருஞ்சேறு இல்லை. மணல்.

“இடது பக்கமா?”

“இடது பக்கம்” என்றார்.

“அடி பட்டுச்சா?”

“இல்ல.”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அதன் பிறகுதான் கோபம் வந்தது. சைக்கிளின் பக்கம் திரும்பினாள். கோவிந்தராஜ் குறுக்கே வந்து நின்றார். அந்த முப்பத்தாறு வருஷத்தில் அவர் அவளுக்குக் குறுக்கே நின்றது அதுதான் முதல் தடவை.

“சரசு, ஒரு நிமிஷம். கப்பல்ல ஒரு சட்டம் இருக்கு. சுக்கானி சொந்தமா எதுவும் செய்யக் கூடாது. கேப்டன் சொன்னதத் திருப்பிச் சொல்லிட்டு, சொன்னபடி திருப்பணும். சொன்னபடி திருப்பிக் கப்பல் முட்டுச்சுன்னா, பொறுப்பு சுக்கானி மேல இல்ல. கேப்டன் மேல.”

“அதுக்கு?”

“எந்த லைட்டு வந்தாலும் இடதுன்னு நீதான் சொன்ன. நானும் திருப்பிச் சொன்னேன். பிரேம் சாட்சி. சொன்னபடிதான் போனேன். பொறுப்பு யாரோடது?”

இராமகிருஷ்ணன் மீசை மணலைத் தட்டிவிட்டுக்கொண்டே, “அண்ணன் சொல்றது சரிதான் அக்கா, சட்டம் அப்படித்தான்” என்றார். சரசு ஒரு பார்வை பார்த்தாள். அவர் முற்றத்து வாழைமரத்தை ஆராய ஆரம்பித்தார்.

“அப்போ நான் கேப்டனா?” என்றாள் சரசு.

கோவிந்தராஜ் தலையைக் குனிந்துகொண்டார்.

“அடுப்படியில நின்னுக்கிட்டுச் சொன்னா கேப்டனா? எந்தக் கப்பல்ல கேப்டன் வீட்டுல இருக்காரு?” அவள் சைக்கிளைச் சுற்றி வந்தாள். கேரியரைக் கையால் அழுத்திப் பார்த்தாள். “சக்கரத்த மாத்திக் குடுங்க. நாளையில இருந்து நானும் வர்றேன். பின்னாடி உட்கார்ந்து நானே சொல்றேன், எந்தப் பக்கம்னு.” பிறகு இரண்டு டார்ச்சையும் வாங்கி விளக்கடியில் வைத்துக்கொண்டு, ரொம்ப நேரமாக அடக்கிவைத்திருந்த கேள்வியைக் கேட்டாள். “ஆமா, ரோடு எங்க இருக்கு? கீழயா, எதிராளி மூஞ்சியிலயா? ரோட்டைப் பாக்க லைட்டு கட்டுறவங்க ரோட்டைப் பாத்துக் கட்டுறதுக்கென்ன? இதக் கேக்குறதுக்கு ஒரு பொம்பளை வேணுமா?”

அறுபது வயது தாண்டிய இரண்டு மாலுமிகள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி நின்றார்கள். அவள் இரண்டு டார்ச்சையும் தன் கையாலேயே, மூக்கு தரையைப் பார்க்கும்படி, ட்யூபால் இறுக்கிக் கட்டினாள். போகிறபோது இராமகிருஷ்ணன் தன் மகள் நம்பரைக் கொடுத்து, “அக்கா, ஒரு வார்த்தை அவகிட்டயும் சொல்லிருங்க” என்று கெஞ்சிவிட்டுப் போனார்.

சக்கரம் மாற்ற மூன்று நாள் ஆயிற்று. நான்காம் நாள் மூன்றரை மணிக்கு, பிரேமின் பழைய லைஃப் ஜாக்கெட்டை மடித்துக் கேரியரில் மெத்தையாகக் கட்டி, சரசு ஏறி உட்கார்ந்தாள். மேட்டில் கோவிந்தராஜுக்கு மூச்சு வாங்கியது. இறங்கு என்று சொல்லாமல் மிதித்தார்.

கப்பலில் சரசு எத்தனையோ தடவை போயிருக்கிறாள். எல்லாத் தடவையும் கீழ்த் தட்டில், எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டுதான். அது கரைக்கு வருவதை வெளியே நின்று ஒரு நாளும் பார்த்ததில்லை. இன்றைக்கு ஜெட்டி முனையில் நின்றாள். தூரத்தில் வெள்ளையாக ஒரு புள்ளி. அது வளர்ந்தது. ஊர்க் கோவில் மண்டபம் ஒன்று தண்ணீரில் நடந்து வருவது போல அருகில் வந்தது. ஜெட்டியை நெருங்கி மெல்லத் தன் முழு உடம்பையும் திருப்பியது. கோவிந்தராஜின் கை காற்றில் அரை வட்டம் போனது. “இன்னும் ரெண்டு டிகிரி...” என்று தொடங்கியவர், பக்கத்தில் மனைவி நிற்பது ஞாபகம் வந்து கையைக் கீழே போட்டார்.

சரசு அந்தக் கையைப் பார்த்தாள். கப்பலைப் பார்த்தாள். மறுபடி கையைப் பார்த்தாள்.

“ஏங்க, இத... நீங்களா திருப்புனீங்க?”

“நான்தான்.”

தாதா கடையில் டீ டம்ளரை அவளே வாங்கி அந்தக் கையில் கொடுத்தாள். திரும்பி வரும்போது இருட்டிவிட்டது. தரையில் விழுந்த வெளிச்சத்தில் ரோடு மட்டும் தெளிவாகத் தெரிந்தது, இத்தனை நாள் அது அங்கே இருந்ததே கோவிந்தராஜுக்குத் தெரியாது. பாலத்து வளைவில் எதிரே இன்னொரு வெளிச்சம், அதுவும் தரையைப் பார்த்தபடி, மெல்ல ஊர்ந்து வந்தது. கண் கூசவில்லை. மீசைகூடத் தெரிந்தது. இருந்தும் கோவிந்தராஜின் கை, எவ்வளவு சொல்லியும் கேட்காத அந்தக் கை, வலது பக்கம் போகப் பார்த்தது.

பின்னாலிருந்து அவர் சட்டையின் இடது ஓரத்தை ஒரு கை மெதுவாகப் பிடித்து இழுத்தது.

“இடது” என்றாள் சரசு.

“இடது” என்றார் கோவிந்தராஜ்.